தலையைக் கழட்டும் முன்...

இந்த ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்லயே காரோட ஹெட் கேஸ்கெட்டை மாத்தப் போறேனுங்க. டார்க் ரென்ச் இரவல் வாங்கியாச்சு. கழட்டின போல்ட்டுகளை வரிசை மாறாம குத்தி வைக்க அட்டையும் ரெடி. இருந்தாலும் உள்ளுக்குள்ள உதறல்!

அப்பத்தான் நம்ம ஜி.டி.நாயுடு ஞாபகம் வந்தார். 1893-ல் கலங்கலில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில ஓட்டல் வேலை செஞ்சு காசு சேர்த்து, அதையே விலைக்கு வாங்கினார். அக்கு அக்காக் கழட்டி, மறுபடி பூட்டித்தான் மெக்கானிக் ஆனார். 1920-ல் பொள்ளாச்சி–பழனி பஸ் விட்டார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து உள்நாட்டு மின் மோட்டாரே செஞ்சுட்டார்.

அவர் பள்ளிக்கூடமே ஒழுங்கா முடிக்காதவர். என்கிட்ட என்ஜினியரிங் பட்டம் இருக்கு, ஸ்பேனர் பிடிச்ச பழக்கம்தான் இல்ல. கழட்டறது சுலபம், பூட்டி முடிக்கிறப்ப ஒரு போல்ட்டும் மிச்சமாகக் கூடாது சாமி :-)