பாண்டி

வேர் பாண்டிய நாடுதான். ‘பண்டு’ என்பதிலிருந்து வந்தது, பழங்குடி என்று பொருள் என்பார் ஒரு சாரார். பாரதத்துப் பாண்டுவோடு முடிச்சுப் போடுவார் மறுசாரார். மதுரைப் பக்கம் ‘பாண்டி’ சாமி பெயர், அதனால் பிள்ளை பெயர். போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் சொல்லின் மதிப்பு இறங்கிவிடும். மலையாளத்தில் ‘பாண்டி’ முதலில் ஊரைக் குறித்தது, அப்புறம் அங்கிருந்து வருபவரை, அப்புறம் வசவு.

போடிநாயக்கனூரில் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. அந்த வசவு அத்தனை பெயரையும் ஒன்றாக்கிவிடும். முகம் இல்லாதவரை அடிக்கக் கை கூசாது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைத் தகராறு முற்றியபோது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தேனி மாவட்டத்துக்குத் தப்பி இறங்கினார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. (நாமும் முகம் பார்க்கவில்லை.)

ருவாண்டாவில் 1994-இல் வானொலி டுட்சி இனத்தவரைக் ‘கரப்பான்’ என்றது. சுமார் 100 நாளில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அந்த அளவோடு இதை ஒப்பிட மாட்டேன். அங்கே மனிதரைப் பூச்சியாக்கினார்கள். இங்கே ஊர்ப்பெயரே போதுமாக இருந்தது.

ஒன்று சொல்ல மறந்தேன். 1877-இல் கண்ணன் தேவன் மலையை மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குக் குத்தகைக்கு விட்ட கேரளத்துப் பூஞ்ஞாறு அரச குடும்பம், தன் முன்னோர் மதுரைப் பாண்டியர் என்றே சொல்லிக்கொள்கிறது.