திருகோணமலை மரமும் சாராயப் பீப்பாவும்

மதுவைப் பற்றி எழுதப் புகுவோர் வழக்கமாக இரண்டு வழிகளுள் ஒன்றைக் கைக்கொள்வர். ஒழுக்கம் போதிப்போர் அதன் தீமையை எடுத்துரைத்து அமைவர். இரசிகர் அதன் நிறத்தையும் மணத்தையும் வருணித்து மகிழ்வர். இவ்விரு சாராரும் கேளாத கேள்வியொன்று உண்டு. ஒரு போத்தலின் விலையை வகுத்தவர் யார்? அவ்விலையில் எவருக்கு எத்துணைப் பங்கு சென்றது? வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. இதனைக் கேட்பதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தைப் போலப் பொருத்தமான இடம் வேறொன்று எளிதிற் கிடைக்காது. மதுவை முதிர்விக்கும் பீப்பாவுக்கு மரம் தந்த ஊர் அது. மதுவைக் கூலியின் பகுதியாகப் பெற்ற மாலுமிகள் வந்திறங்கிய ஊரும் அதுவே.

முதலில் உலகச் சந்தையின் புதிய மோகமொன்றை நோக்குவோம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திற் பெருமளவு வடிக்கப்படும் பூர்பன் விஸ்கி இன்று செல்வர் சேர்த்து வைக்கும் சொத்தாகிவிட்டது. குறைந்தது 51 வீதம் சோளம் கலந்த தானியக் கூழை வடித்து, உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக் கலத்தில் இட்டு வைத்தாலே அது பூர்பன் எனும் பெயருக்கு உரியதாகும். 1964-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசு அதனைத் தன் நாட்டுக்கே உரிய பொருளெனத் தீர்மானம் நிறைவேற்றியது. பாப்பி வான் விங்கிள் என்னும் பெயர் தாங்கிய, இருபது ஆண்டும் அதற்கு மேலும் முதிர்ந்த போத்தல்கள் சில நூறு டொலர் விலைக்குறியுடன் வெளிவந்து, மறுவிற்பனையிற் சில ஆயிரம் டொலருக்குக் கைமாறுகின்றன. வாங்குவோருட் பலர் அவற்றைத் திறப்பதேயில்லை. விலை ஏற ஏறக் குடிப்பவன் தயங்குகின்றான், சேர்ப்பவனோ மகிழ்கின்றான். ஆயின், கண்ணாடிக்குள் அடைத்த பின் விஸ்கி முதிர்வதில்லை என்பது வடிசாலையார் அனைவரும் அறிந்த உண்மை. அலமாரியில் இருந்த பத்தாண்டுகளில் போத்தலுக்குள் எதுவும் வளரவில்லை. அதன் மேல் எழுதப்படும் விலை மட்டுமே வளர்ந்தது.

இஃது எங்கோ தொலைவில் நடக்கும் வேடிக்கை எனக் கருதிவிடலாகாது. காலத்தைப் பீப்பாவில் அடைத்து விலையாக்கும் கலையை நம் நாடும் நெடுங்காலமாக அறியும். இலங்கையின் தென்னஞ் சாராயத்தின் கதை அதுவே.

தென்னம் பாளை விரியுமுன் அதனைக் கட்டி, தட்டி, நுனி சீவிக் கலயம் பொருத்துவது சீவல் தொழிலாளியின் வேலை. நாள்தோறும் காலையும் மாலையும் அவன் மரமேற வேண்டும். களுத்துறை, வாதுவைப் பகுதிகளில் ஒரு மரத்தின் தலையிலிருந்து அடுத்த மரத்தின் தலைக்குக் கயிறு கட்டி, அக்கயிற்றின் மேல் நடந்தே தொழிலாளர் கள்ளிறக்குவர். தவறி விழுந்தவனின் நிலை சொல்லாமலே விளங்கும். கலயத்தில் வடிந்த சாறு அங்கேயே புளிக்கத் தொடங்கிவிடுகின்றது. ஒரு நாள் தாமதித்தாலும் அது காடியாகும் வழியிற் செல்லும். ஆதலாற் சீவியவன் காத்திருக்க முடியாது. கிடைத்த விலைக்கு அன்றன்றே விற்றாக வேண்டும்.

அதே கள் வடிசாலைக்குட் புகுந்து சாராயமாகிய கணமே நிலைமை தலைகீழாகின்றது. இப்பொழுது தாமதம் நட்டமன்று, தாமதமே இலாபம். மரக் கலத்தில் ஆண்டுக்கணக்கிற் கிடந்தாற் காரம் தணிகின்றது, நிறம் ஏறுகின்றது, விலையும் ஏறுகின்றது. ஆயினும் காத்திருத்தல் எல்லோர்க்கும் இயல்வதன்று. வெப்ப நாட்டிற் பீப்பாவிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பகுதி ஆவியாகிப் போகும். மேனாட்டு வடிசாலையார் இவ்விழப்பை வானவர் பங்கு என வேடிக்கையாகக் கூறுவர். அவ்விழப்பைத் தாங்கவும், விற்காது வைத்திருக்கவும் முதல் உடையவனுக்கே முடியும். முதிர்ந்த மது என்பது வேறெதுவுமன்று. காத்திருக்கும் வசதி படைத்தவனின் காலம் அது. வானவர்க்கும் பங்கு ஒதுக்கிய அக்கணக்குப் புத்தகம், சீவியவனுக்கு மட்டும் அன்றைய கூலியோடு கணக்கை முடித்துவிட்டது.

அப்பீப்பாவுக்குரிய மரம் யாது? சிங்களத்தில் ஹல்மில்ல என்றும், தமிழிற் சவண்டலை என்றும் வழங்கும் மரம் அது. சென்னையில் வாழ்ந்த அன்ட்ரூ பெரி என்னும் மருத்துவரின் பெயரால் தாவரவியலார் அதனைப் பெரியா என அழைப்பர். உலர் வலயக் காடுகளில், சிறப்பாகக் கிழக்குக் கரையில், அது செழித்து வளரும். நேரிய வைரம், வளைத்தால் ஒடியாத இயல்பு, கடல் நீருக்கும் எளிதில் இளகாத உறுதி. சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்திற் பேரலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலாப் படகுகளுக்கு அம்மரம் பயன்பட்டது. அது கப்பலேறிச் சென்றது நம் துறைமுகத்திலிருந்து ஆதலால், வணிகர் அதனைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தனர். 1859-இல் வெளிவந்த எமர்சன் டெனன்டின் இலங்கை பற்றிய நூலும் படகுக்கும் பீப்பாவுக்கும் உதவும் மரமாக இதனைப் போற்றுகின்றது. இன்றளவும் இலங்கையில் உயர்தரச் சாராயம் முதிர்வது இம்மரக் கலங்களிலேதான். பூர்பன் ஓக் பீப்பாவை ஒரு முறையே பயன்படுத்தும்; சவண்டலைக் கலமோ பல்லாண்டு திரும்பத் திரும்ப உழைக்கும். ஊரின் பெயர் மரத்துக்குக் கிடைத்தது. காட்டில் அதை வெட்டியவன், வண்டியில் இழுத்தவன், படகில் ஏற்றியவன் ஆகியோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

துறைமுகத்தின் மற்றொரு முகத்தையும் பார்த்தல் வேண்டும். 1795-இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினர். 1957 அக்டோபரில் இலங்கை அரசு அதனை மீளப் பெறும் வரை அது பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிற்று. அக்கடற்படையில் மது ஒரு பண்டமன்று, ஓர் ஆட்சி முறை. 1731-ஆம் ஆண்டின் விதிகள், பியர் கிடையாத கடல்களில் மாலுமிக்கு நாளொன்றுக்கு அரைப் பைந்து பிராந்தியோ றம்மோ சாராயமோ வழங்கலாம் என வகுத்தன. கீழைக் கடல்களிற் சாராயம் அவ்வாறு கப்பலேறிற்று. 1740-இல் வேர்னன் என்னும் தளபதி அதனை நீர் கலந்து வழங்க ஆணையிட்டான். 1824-இலும் 1850-இலும் அளவு பாதி பாதியாகக் குறைக்கப்பட்டது. பிற்காலத்திற் சாதாரண மாலுமிக்கு நீர் கலந்தும், அவனுக்கு மேற்பட்ட சிறுதர அதிகாரிக்கு நீர் கலவாமலும் றம் வழங்கப்பட்டது. ஒரே பீப்பாவிலிருந்து வந்த மதுவிலும் பதவிக்கேற்ற செறிவு! 1970 ஜூலை 31-ஆம் நாளே இவ்வழக்கம் முற்றாக ஒழிந்தது. கடின உழைப்பையும் கசையடியையும் சகிக்கச் செய்யும் மலிவான கருவியாக மதுவை ஏகாதிபத்தியம் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அளந்து ஊற்றியது என்பதை இவ்விதிகளே சான்று பகர்கின்றன.

கரையிலும் அதே கருவி வேறு வடிவிற் பயன்பட்டது. ஒல்லாந்தர் தொடங்கி வைத்த சாராயக் குத்தகையை ஆங்கிலேயர் விரிவாக்கினர். ஒரு பகுதியிற் சாராயம் விற்கும் தனியுரிமையை அரசு ஏலத்தில் விட்டது. அதிக தொகை கேட்டவன் குத்தகைக்காரனானான்; அவன் தவறணைகளைப் பிறருக்கு உட்குத்தகை விட்டான். ஏலத்திற் கட்டிய பணத்தைக் குடிப்பவனிடமிருந்து மீட்டாக வேண்டியிருந்ததால், தவறணை பெருகுவதில் அரசுக்கும் குத்தகைக்காரனுக்கும் ஒரே நலன் அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் குடியேற்ற அரசின் வருவாய்த் தூண்களுள் ஒன்று இது.

இக்குத்தகையிலிருந்தே இலங்கை முதலாளி வர்க்கத்தின் ஒரு பகுதி பிறந்தது. மொறட்டுவையைச் சேர்ந்த டி சொய்சாக் குடும்பத்தினர் சாராயத்திலும் போக்குவரத்திலும் ஈட்டிய பணத்தைக் கோப்பித் தோட்டங்களில் இட்டு நாட்டின் முதற் செல்வராயினர். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த குமாரி ஜயவர்தனவின் ஆய்வு நூல் இவ்வர்க்கத்தின் தோற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளது. தவறணையிற் சிந்திய சில்லறை தோட்டமாகி, மாளிகையாகி, மேனாட்டுக் கல்வியாகி, ஈற்றில் அரசியல் தலைமையாகவும் உருமாறிற்று.

1904-இலும், 1912-இல் புதிய மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தபோதும், மதுவிலக்கு இயக்கம் நாட்டை உலுக்கியது. 1912-இன் இயக்கத்தில் முன்னின்ற சேனநாயக்க சகோதரர் முதலியோர் 1915-ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறையிடப்பட்டனர். அந்நிய அரசின் வருவாயைத் தாக்கிய அவ்வியக்கத்தின் தேசிய முக்கியத்துவத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வியக்கத்துக்கு ஆதரவளித்த செல்வக் குடும்பங்களுட் சில, முன்னொரு காலத்திற் சாராயக் குத்தகையாற் செழித்தவையே. அம்மேடைகளிற் குடிப்பவனின் ஒழுக்கம் விரிவாகப் பேசப்பட்டது. மரமேறுபவனின் கூலி பேசப்படவில்லை. தமிழ்ப் பகுதிகளில் இத்தொழில் தாழ்த்தப்பட்ட சாதியினர் மேற் சுமத்தப்பட்டிருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவன் இறக்கிய கள்ளை விரும்பிக் குடித்தவன் அவனைத் தன் முற்றத்துக்குள் விடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் வடக்கிற் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியபோதே, விற்பனையில் அவர்களுக்கும் ஒரு குரல் கிடைத்தது. இவ்வரலாற்றில் உழைப்பவன் பக்கம் சாய்ந்த அரிய திருப்பம் அது.

1974-இல் வடிசாலைகள் அரச கூட்டுத்தாபனத்தின் கீழ் வந்தன. 1992-இல் அது தனியார் கைக்கு மாறியது. குத்தகை ஏலம் மறைந்து பங்குச் சந்தை வந்தது. காத்திருப்பவன் ஈட்டும் விதி மட்டும் மாறவில்லை.

இனி நிகழ்காலம். 2022-ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விலைகள் ஏறிய கதையை வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. பெறுமதி சேர் வரி அவ்வாண்டின் தொடக்கத்தில் 8 வீதமாக இருந்தது; 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. மதுவரி 2023 ஜனவரியில் 20 வீதம் உயர்த்தப்பட்டு, பின்னரும் உயர்ந்தது. விலையேற்றம் குடியைக் குறைக்கும் என்னும் வாதத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. உலக சுகாதார தாபனமும் அதனையே பரிந்துரைக்கின்றது. குடியினாற் சிதைந்த வீடுகளை அறிந்த எவரும் அதன் நியாயத்தை உணர்வர். ஆனால் ஒரே விலையேற்றம் எல்லோர் வீட்டு வாசலிலும் ஒரே உருவில் வந்து நிற்பதில்லை. வசதி படைத்தவனுக்கு அது முன்பே வாங்கி வைத்த போத்தலின் மதிப்பை உயர்த்துகின்றது. நடுத்தர வருவாயினன் முதிர்ந்த தென்னஞ் சாராயத்தை விட்டுக் கரும்புப் பாகின் மதுசாரம் கலந்த மலிவு வகைக்கு இறங்குகின்றான். துறைமுகத்திற் சுமை தூக்கியவனுக்கும் வலை இழுத்தவனுக்கும் அதுவும் எட்டாதபோது, பற்றைக்குள் ஒளித்துக் காய்ச்சிய கசிப்பு அவர்களைத் தேடி வருகின்றது. அதன் விலையை உடல் பின்னர் செலுத்துகின்றது.

குடியைக் குறைக்க விரும்பும் அரசு, வரியாகப் பெற்ற பணத்தில் எவ்வளவு அந்தத் தொழிலாளியின் மருத்துவத்துக்கும், ஓய்வுக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும் திரும்புகின்றது என்று சொல்லக் கடமைப்பட்டுள்ளது. அக்கணக்கைக் காட்டாத வரி, பழைய குத்தகையின் புதிய பெயரே.

ஆசிரியர்களும் மாணவர்களும் தம் வகுப்பறையில் ஒரு போத்தலின் விலையை ஓர் ஆவணமாகக் கொண்டு ஆராய்ந்து பார்க்கலாம். வரி எவ்வளவு, வடிசாலையின் இலாபம் எவ்வளவு, காத்திருந்த முதலுக்கு எவ்வளவு, சீவியவனுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், அரசர்களின் வரிசையைக் கற்பதைவிட அதிகம் கற்கலாம். உட்துறைமுகத்தின் நீர் இன்றும் அமைதியாகவே இருக்கின்றது. அதன் கரையிலிருந்து சென்ற சவண்டலை மரம், எங்கோ ஒரு வடிசாலையின் இருட்டில், பிறர்க்காகக் காலத்தைச் சுமந்து நிற்கின்றது. பாளை சீவுபவனோ நாளைக் காலையும் மரமேறுவான். அவனுடைய ஓராண்டு, அவன் வயதைத் தவிர வேறெதனையும் உயர்த்துவதில்லை. அவனுக்கும் காத்திருக்கும் வசதி கிடைக்கும் சமுதாயம் அமையும் வரை, முதிர்ந்த மதுவின் வரலாறு முற்றுப்பெற்றதாக நாம் எழுத முடியாது.