5 கிராம் தொடுதல்: ஒரு மண்டையோட்டின் கதை

இரண்டு வருஷமா எனக்குக் கழுத்து வலி. கணினி முன்னாடி உட்கார்ந்து பிழைக்கிறவனுக்கு இது தொழில் கொடுத்த சொத்து. ஸ்கேனில் ஒன்றுமில்லை, மாத்திரை போட்டால் இரண்டு நாள் தாங்கும். போன மாதம் நண்பர் ஒருவர் சொன்னாரென்று கிரேனியோசேக்ரல் தெரபி செய்யும் ஒரு அம்மாவிடம் போனேன். படுக்கச் சொல்லி, பிடரிக்கு அடியில் இரண்டு கைகளையும் வைத்தார். அவ்வளவுதான். நீவல் இல்லை, அழுத்தம் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து எழுந்தபோது வலி பாதியாகியிருந்தது. "மூளை, தண்டுவட நீரோட ஓட்டம் சரியாயிடுச்சு" என்றார். அப்படியா? வீட்டுக்கு வந்ததும் தோண்ட ஆரம்பித்துவிட்டேன்.

கதை அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் தொடங்குகிறது. 1864இல் மூளையுறை அழற்சிக்குத் தன் மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், அன்றைய மருந்துகள் மேல் நம்பிக்கை இழந்து, கையாலேயே குணப்படுத்தும் ஆஸ்டியோபதி முறையை உருவாக்கினார். 1892இல் அங்கே ஒரு கல்லூரியும் தொடங்கினார்.

அங்கே படிக்க வந்தவர் வில்லியம் கார்னர் சதர்லேண்ட். அதற்கு முன் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர். கல்லூரியில் பிரித்து வைத்திருந்த ஒரு மண்டையோட்டைப் பார்க்கும்போது, பொட்டெலும்பின் சரிவான விளிம்பு அவருக்கு மீனின் செவுளை ஞாபகப்படுத்தியது. செவுள் என்றால் சுவாசம். அப்படியானால் மண்டையெலும்பும் அசையுமோ? இந்த எண்ணம் அவரை விடவே இல்லை. தோல் வார், ஹெல்மெட் என்று எதையெதையோ தன் தலையிலேயே இறுக்கிக் கட்டிச் சோதனை செய்துகொண்டார். 1939இல்தான் ‘தி கிரேனியல் பவுல்’ என்ற சிறு நூலாக வெளியிட்டார்.

அடுத்தவர் ஜான் அப்லெட்ஜர். 1970களின் தொடக்கத்தில் ஒரு கழுத்து அறுவை சிகிச்சையில் உதவியபோது, தண்டுவடத்தின் உறையை அசையாமல் பிடிக்கச் சொன்னார்கள். அவரால் முடியவில்லை. அது மூச்சோடும் நாடியோடும் சேராத ஒரு தாளத்தில் அசைந்தது என்பது அவர் சொன்ன கணக்கு. பிறகு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, ஆஸ்டியோபதி படிக்காதவர்களுக்கும் இதைக் கற்றுக்கொடுத்தார். ‘கிரேனியோசேக்ரல்’ என்ற பெயர் அவரால்தான் பரவியது. தொடும் அழுத்தம் 5 கிராம் போதும் என்றார். அமெரிக்க 5 சென்ட் நாணயத்தின் எடை.

இப்போ என் மாதிரி ஆட்களுக்கு வருகிற கேள்வி: அந்தத் தாளத்தை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினால் ஒரே எண் வருமா? 1994இல் இதைச் சோதித்தார்கள். மூன்று பிசியோதெரபிஸ்டுகள், 12 பேரைத் தொட்டு எண்ணினார்கள். மூவரின் எண்களுக்குள் ஒற்றுமையே இல்லை. ஒரே லாகை மூன்று பேர் படித்து மூன்று விடை சொன்னால், அவர்கள் லாகைப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அப்போ என் வலி குறைந்தது பொய்யா? அதுவும் இல்லை. ஜெர்மனியில் 54 கழுத்து வலிக்காரர்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு இந்தச் சிகிச்சையும் மீதிப் பேருக்கு அதே இடங்களில் வெறும் மென்தொடுதலும் 8 வாரம் கொடுத்தார்கள். 2016இல் வந்த முடிவில் சிகிச்சை பெற்றவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆனால் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2024 ஆய்வு, குறிப்பிடும்படி பலன் இல்லை என்றது. வழக்கு இன்னும் முடியவில்லை.

எனக்குப் புரிந்தது இதுதான். பலன் ஒரு கேள்வி, அதற்குச் சொல்லும் காரணம் வேறு கேள்வி. அமைதியான அறை, போன் இல்லாத முக்கால் மணி நேரம், அவசரப்படாத இரண்டு கைகள். இறுகிப்போன கழுத்து தளர இவையே போதுமாக இருந்திருக்கலாம். செவுள் வேண்டியதில்லை.

மறுபடியும் போனேன். ஆனால் போன வாரம் என் அக்கா, "எனக்குப் புதுசா ஒரு தலைவலி, பார்வையும் மங்குது, நானும் அங்க வரட்டுமா?" என்று கேட்டாள். நேராக நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். தளர்வு தருகிற கையை, நோயைக் கண்டுபிடிக்கிற கையென்று நம்பிவிடக் கூடாது.