கணக்கின் எல்லை: கெலமங்கலத்திலிருந்து ஒரு வாசிப்பு

'பசுமைத் தொழில்' என்கிற சொற்சேர்க்கையை நிர்வாகவியல் நூல்கள் முதலாளிகளின் மனமாற்றமாகச் சொல்கின்றன. மின்சாரத்தை மிச்சம் பிடி, தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்து, கழிவைக் குறை. லாபமும் வரும், நல்ல பேரும் வரும். இதில் பொய் எதுவுமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் பெரிய அளவில் நடந்த மாற்றங்கள் இப்படித் தொடங்கவில்லை. சூழல்கேட்டை யாருடைய கணக்கில் எழுதுவது என்ற சண்டையில் தோற்ற பிறகே ஆலைகள் மாறின. அந்தச் சண்டையின் வரலாற்றைக் கெலமங்கலத்திலிருந்து வாசிக்க நான் முயல்வதற்குக் காரணம், இங்கே அது இன்னும் முடியவில்லை என்பதுதான்.

ஓசூர்த் தொழிற்பேட்டை மாநில எல்லை பெற்ற பிள்ளை. 1971ல் உருவான சிப்காட், அந்தப் பத்தாண்டிலேயே இங்கே வளாகம் அமைத்தது. அன்றைய தருமபுரி மாவட்டம் தொழிலில் 'பின்தங்கிய பகுதி'. ஆகவே மானியம், சலுகை. பக்கத்திலேயே பெங்களூர். 1980களில் மொபெட், லாரி, கைக்கடிகாரம் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. 'பின்தங்கிய' என்ற அந்த ஒரு சொல்லில், ராகியும் அவரையும் விளைந்த மானாவாரிக் காடு வெற்றிடமாகிப் போனது. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974ல் வந்தது. அதை நடைமுறைப்படுத்தத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982ல்தான் அமைந்தது. ஆலை முந்திக்கொண்டது, காவல் பின்னால் வந்தது.

இப்படிப் பிந்தினால் என்ன ஆகும் என்பதைப் பாலாற்றுக் கரை காட்டியது. வேலூர் வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகள் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பாழானதாக நீதிமன்றத்தின் முன் சொல்லப்பட்டது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. அந்த ஈடு, பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டோடு முடியாது, கெட்ட மண்ணையும் நீரையும் மீட்கும் செலவும் அதில் சேரும் என்றது. அதுவரை விவசாயியின் கிணற்றில் எழுதப்பட்டிருந்த செலவு முதன்முறையாக ஆலையின் பேரேட்டுக்கு மாறியது.

திருப்பூரில் இதே கதை இன்னும் கூர்மையானது. நொய்யலின் குறுக்கே 1992ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாயிற்று. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை வந்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகே சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் உண்மையாக ஓட ஆரம்பித்தன. இன்று சாயத் தண்ணீரின் பெரும்பகுதி திரும்பவும் சாயத்தொட்டிக்கே போகிறது. இது சாதனைதான். ஆனால் ஆவியாக்க விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். மிஞ்சும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஆற்றில் கரைந்திருந்த அழுக்கு சாக்கில் ஏறிக்கொண்டது.

பாலாறும் நொய்யலும் சொல்வது: கணக்கின் எல்லையை எங்கே போடுகிறோமோ, அங்கே வரைதான் 'சுத்தம்'. ஓசூரில் இந்த எல்லை ஒரு மாநில எல்லையும்கூட. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து வரும் கழிவுநீர் தென்பெண்ணையில் சேர்ந்து கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. ஓசூர் ஆலை ஒவ்வொன்றும் தன் மதிலுக்குள் மரம் நட்டு, 'பூஜ்யக் கழிவு' பலகை மாட்டிக்கொண்டாலும் ஆறு நுரைத்துக்கொண்டேதான் இருக்கும். நகரத்தின் சாக்கடை எந்தக் கம்பெனியின் கணக்கிலும் இல்லை.

இந்தப் பின்னணியில் இன்றைய கெலமங்கலம் பக்கம் வருவோம். உத்தனப்பள்ளிப் பகுதியில் ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வந்துவிட்டது. உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி விவசாயிகள் புதிய சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023ல் தொடர்ந்து போராடினார்கள். இன்னொரு பக்கம், 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியல் நிறுவனங்கள் சூழல் அறிக்கை தர வேண்டும் என்கிறது செபி. நல்லது. அதில் கேட்கப்படும் அளவைகளில் ஒன்று, ஒரு ரூபாய் விற்பனைக்கு எவ்வளவு தண்ணீர் என்பது. விற்பனை இரட்டிப்பானால் இந்த எண் அழகாக இறங்கும். மொத்தம் எடுத்த தண்ணீர் ஏறியிருக்கும். மொத்த அளவும் அதே அறிக்கையில் உண்டு. விளம்பரத்தில் வருவது என்னவோ இறங்கும் எண்தான். போர்வெல்லில் தண்ணி இருக்கா இல்லையா என்று பார்ப்பவனுக்கு விகிதத்தால் என்ன ஆகப்போகிறது? புளோரைடு கலந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக 2013 முதல் ஒகேனக்கலிலிருந்து குடிநீர் கொண்டுவரப்படும் மாவட்டம் இது.

ஆகவே நிறுவனங்கள் செய்ய வேண்டியவை கம்ப சூத்திரம் அல்ல. எடுக்கும் மொத்தத் தண்ணீரை ஊராட்சிவாரியாகக் கிராம சபையில் வைக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றை விட்டுவிட்டு நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து வாங்க வேண்டும். அப்போது நுரைக்கும் ஆற்றின் பாரத்திலும் கொஞ்சம் குறையும். உதிரிப்பாகம் செய்து தரும் சின்னப் பட்டறையின் அமிலக் கழிவையும் தன் கணக்கில் ஏற்க வேண்டும். மீட்புச் செலவுக்கான பணத்தை ஆலை தொடங்கும் முன்பே கட்ட வேண்டும்.

பாலாற்றிலும் நொய்யலிலும் கணக்கு கேட்கப்பட்டது நிலம் செத்த பிறகு. கெலமங்கலத்தில் ராகி இன்னும் விளைகிறது. பசுமை பற்றிப் பேசுகிறவர்கள் இங்கே வந்து பேசட்டும். கணக்கு நோட்டையும் கையோடு கொண்டுவரட்டும்.