டாக்காவிலிருந்து ஒரு கடிதம்

ஆலோசனை கேட்கும் முறையும் வழங்கும் முறையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். நம் நாட்டில், கேட்பவர் பெரும்பாலும் தம்மை மாணவராகவும் மற்றவரை ஆசானாகவும் கருதிப் பணிவுடன் கேட்பார். ஐரோப்பிய அறிவியலாரிடையே, ஒருவர் கருத்தை மற்றொருவர் அச்சிலேயே மறுப்பது அவமதிப்பாகாது. இவ்விரு மரபுகளும் சந்தித்த நிகழ்ச்சி ஒன்று இயற்பியல் வரலாற்றில் உண்டு.

1924 ஜூன் 4ஆம் நாள், டாக்கா பல்கலைக்கழக ஆசிரியர் சத்தியேந்திரநாத் போஸ், பெர்லினிலிருந்த ஐன்ஸ்டைனுக்குத் தம் கட்டுரை ஒன்றை அனுப்பினார். போசுக்கு அப்போது வயது 30. டாக்டர் பட்டம் இல்லை. ஐன்ஸ்டைனை நேரில் கண்டதும் இல்லை. ஆயினும், நாங்கள் எல்லோருமே உங்கள் மாணவர்கள்தாம் என்ற பொருள்பட எழுதி, அவருடைய கருத்தைக் கேட்டார். கட்டுரை தகுதியுடையதானால் ஜெர்மன் ஏட்டில் வெளியிட உதவுமாறும் வேண்டினார்.

கட்டுரையில் என்ன இருந்தது? வெப்பக் கதிர்வீச்சு பற்றிய பிளாங்க் விதியைப் புதிய வழியில் போஸ் நிறுவியிருந்தார். இரண்டு பந்துகளை இரண்டு பெட்டிகளில் எத்தனை விதமாக இடலாம்? பந்துகளைப் பிரித்தறிய முடியுமானால் 4 விதம். முடியாவிட்டால் 3 விதமே. ஒளித்துகள்களை இரண்டாம் முறையில்தான் எண்ண வேண்டும் என்பதே அவர் கணக்கின் உட்பொருள்.

ஐன்ஸ்டைன் கட்டுரையைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து, இது முக்கியமான முன்னேற்றம் என்ற குறிப்புடன் வெளியிடச் செய்தார். அவர் எழுதிய அஞ்சலட்டையைக் கண்டதும், போஸ் ஐரோப்பா சென்று ஆராய்வதற்குப் பல்கலைக்கழகம் இரண்டாண்டு விடுப்பு அளித்தது.

அதே மாதம் போஸ் அனுப்பிய இரண்டாம் கட்டுரையையும் ஐன்ஸ்டைன் மொழிபெயர்த்தார். ஆனால் இம்முறை தமக்கு உடன்பாடில்லை என்பதைக் காரணங்களுடன் கட்டுரையின் இறுதியிலேயே அச்சிட்டார். கட்டுரையை அவர் தடுக்கவில்லை. முகத்துக்காகப் புகழவும் இல்லை.

கடிதங்களில் ஐன்ஸ்டைனை ஆசான் என்றே விளித்த போஸ் என்ன செய்தார்? அந்த மறுப்புகளைப் பல நாள் சிந்தித்து, அவற்றுக்கு விடை காண முயன்று, 1925 ஜனவரியில் பாரிசிலிருந்து புதிய கட்டுரை ஒன்றை அவருக்கே அனுப்பினார். அது அச்சேறவில்லை. எனினும் அவ்வாண்டே பெர்லினில் இருவரும் சந்தித்தனர்.

போஸின் எண்ணும் முறையை ஐன்ஸ்டைன் அணுக்களுக்கும் விரித்தார். அதன்படி எதிர்பார்க்கப்பட்ட போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள், 1995இல் அமெரிக்காவில் ருபீடியம் அணுக்களைக் கடுங்குளிரூட்டி உண்டாக்கப்பட்டது.

ஆசானிடம் மரியாதை வேறு, அவர் கூற்றை ஆராயாமல் ஏற்பது வேறு. ஐயம் கேட்கத் தயங்கும் நம் மாணவர்கள் போஸின் கடிதங்களை நினைவிற் கொள்வது நல்லது. மறுத்துப் பேசும் மாணவரைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர்களோ, ஐன்ஸ்டைனின் மொழிபெயர்ப்புகளை நினைக்கலாம்.