சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன தெருக்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மதுரையிலிருந்து கியர் சைக்கிளில் கிளம்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அழகர்கோவில் சாலை, கீழக்குயில்குடி சமணர் மலை, மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி என்று போவார்கள். கண்மாய்க் கரையில் நின்று நாரைகளைப் படமெடுப்பார்கள். வழியில் ஒரு கிராமத்துக் கடையில் டீ குடிப்பார்கள். அமைதியான சாலை, அன்பான மக்கள் என்று எழுதிப் படத்தைப் போடுவார்கள்.

இதில் தப்பொன்றும் இல்லை. நம் பிள்ளைகளும் இப்போது அப்படிப் போகிறார்கள், போகட்டும். ஆனால் அதே சாலை அந்த ஊர்க்குள் நுழைந்து, ஊர்த்தெருவைக் கடந்து, கடைசியில் காலனிக்குப் போகிறது. காலனியில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம், "ஐயா, உங்க சின்ன வயசுல இந்தத் தெருவுல சைக்கிள் ஓட்டிப் போவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பல ஊர்களில் ஒரே பதில்தான் கிடைக்கும். தெருமுனையில் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி போக வேண்டும். ஊர்த்தெரு முடிந்த பிறகுதான் ஏறலாம். இந்த வரலாறு எந்தப் பள்ளிப் பாடத்திலும் இல்லை.

சைக்கிளுக்கு முன்பே இந்தத் தடைக்கு ஒரு வரலாறு உண்டு. 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், நாட்டுப் பகுதிக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. சட்டையோ பனியனோ போடக் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 ஜூனில் பட்டியல் பதினொன்றாக நீண்டது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்தப் பட்டியலைக் கவனமாகப் படியுங்கள் தோழர்களே. குடையும் செருப்பும் சட்டையும் யாருடைய சொத்தையும் பறிப்பதில்லை. வெயிலில் நடக்கிற ஒருவருடைய உடம்புக்குக் கொஞ்சம் சுகம், பார்க்கிறவர் கண்ணுக்குக் கொஞ்சம் மரியாதை, அவ்வளவுதான் அவை தருவது. சாதிக்கு அதுதான் பொறுக்கவில்லை. பிறகு கிராமங்களுக்குச் சைக்கிள் வந்தபோது, அதுவும் இந்தப் பட்டியலில் தானாகச் சேர்ந்துகொண்டது.

சைக்கிளில் என்ன இருக்கிறது? உட்கார்ந்தால் திண்ணையில் இருப்பவரைவிட நம் தலை மேலே போய்விடுகிறது. வேகமாகப் போனால் நின்று கும்பிடு போட வேண்டியதில்லை. இந்த இரண்டும் மரியாதைப் பிரச்சினை. மூன்றாவதுதான் முக்கியம். உள்ளூர்ப் பண்ணையை விட்டால் வேறு வேலை இல்லை என்ற நிலையைச் சைக்கிள் மாற்றியது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி மதுரையில் மில் வேலைக்கோ, கட்டட வேலைக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ போய்விட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். பஸ்ஸுக்குக் காசு வேண்டாம், யாரிடமும் கேட்கவும் வேண்டாம். கூலியைக் கட்டுப்படுத்த நினைப்பவனுக்கு இது சின்ன விஷயமல்ல. இறங்கி உருட்டச் சொன்னதில் அந்தப் பயமும் இருந்தது.

சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது? 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எதையும் ஒடுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்தத் தடையில்லை என்பதே அதன் சாரம். அது நிறைவேறி, அதே ஆண்டில் அரசாணையாகவும் வெளிவந்தது. கோவிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டும் அதுதான். அரசாணை வந்து ஆறே ஆண்டுகளில்தான், மேலே சொன்ன எட்டுத் தடைகள்.

பிறகு அரசியலமைப்பின் 15(2) பிரிவு சாலைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமானது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். எல்லாம் இருந்தும், 2001-02-இல் 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தபோது, 10 முதல் 20 விழுக்காடு கிராமங்களில் தலித்துகள் பொதுச் சாலையில் சைக்கிள் ஓட்டவும், குடை விரிக்கவும், செருப்பு அணியவும் தடை இருப்பது தெரியவந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய குடையும் செருப்பும் அந்தப் பட்டியலில் அப்படியே இருந்தன.

அதே 2001-02-இல்தான் தமிழ்நாடு அரசு பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பின்னால் அது மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பக்கத்துப் புதுக்கோட்டையில் பத்தாண்டுகளுக்கு முன்பே அறிவொளி இயக்கம் பல்லாயிரம் ஏழைப் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்திருந்தது. விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் ஓட்டினார்கள். கேலி செய்த ஆண்கள் வாயடைத்துப் போனார்கள். அரசு கையில் கொடுத்த சைக்கிளை ஓட்ட முடிகிறதா இல்லையா என்பதை மட்டும் ஒவ்வொரு ஊர்த்தெருவும் தனித்தனியாக முடிவு செய்துகொண்டிருந்தது.

தெருவையே அடைத்த ஊரும் நம் மாவட்டத்தில்தான் இருந்தது. உத்தப்புரத்தில் 1989-இல் எழுப்பப்பட்ட சுவர் தலித் குடியிருப்பை மறித்து நின்றது. 2008-இல் அதன் மேல் மின்கம்பி பொருத்தப்பட்டது வெளியே தெரிந்து, போராட்டம் வெடித்து, மே 6 அன்று சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அந்தத் திறப்பு சில அடி அகலம்தான். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. 1894-இல் அமெரிக்காவின் பெரிய சைக்கிள் சங்கம், வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்று விதி போட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1899-இல், மேஜர் டெய்லர் என்ற கறுப்பின வீரர் மான்ட்ரியலில் உலகச் சாம்பியன் ஆனார். அவர் ஜெயித்த பிறகும் அந்த விதி நீக்கப்படவில்லை. திறமையைக் காட்டினால் மரியாதை தானாக வரும் என்று நமக்கு அறிவுரை சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

2015-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிவு 3(1)(இசட்ஏ)(பி)-ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பொது இடத்தில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், செருப்போ புத்தாடையோ அணிவதையும், திருமண ஊர்வலம் போவதையும் தடுத்தால் அது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பொதுச் சாலை எல்லோருக்கும் என்று 1924-இல் சொன்ன பிறகு, "சைக்கிள்" என்ற சொல்லைச் சட்டத்தில் எழுத 92 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

எழுதியதோடு முடிந்துவிடவில்லை. 2025 பிப்ரவரியில் மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காகவே ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டதாகக் குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். வெட்ட வந்தவர்கள் கையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மாணவத் தோழர்களுக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, உங்கள் தாத்தா, அப்பத்தா, பெரியப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தெருவில் இறங்கினார்கள், எந்த ஆண்டு முதல் இறங்காமல் போனார்கள், முதலில் இறங்க மறுத்தது யார், அவருக்கு என்ன நடந்தது என்று போனில் பதிவு செய்யுங்கள். தடையைப் பற்றிச் சில ஆவணங்களாவது இருக்கின்றன. மறுத்து ஓட்டியவர்களின் பெயர்கள்தான் எங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, இன்றும் தடுக்கிற தெரு இருந்தால் வாய்ச்சண்டையோடு விட்டுவிடாதீர்கள். நாள், நேரம், இடம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் எழுதி, பிரிவைக் குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள். சாதாரணத் தகராறு என்று எழுதிக்கொள்ளச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடமை தவறும் அரசு ஊழியருக்கும் அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவில் தண்டனை இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் கண்மாய்க் கரையோரம் சைக்கிளில் போங்கள். ஊர்த்தெரு வழியாகவே போங்கள், காலனி வரைக்கும் போங்கள்.

ஜெய் பீம்.