மடுல்சீமை இலைப்புள்ளியும் மீளாய்வுக் கட்டுரையும்

பல்கலைக்கழக மாணவர் எழுதும் கட்டுரை வகைகளுள் மீளாய்வுக் கட்டுரையே எளிதானது என்றோர் எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. பரிசோதனை செய்யவேண்டியதில்லை, களத்துக்குச் செல்லவேண்டியதில்லை, நூலகத்தில் அமர்ந்து, ஒரு துறையிற் பிறர் எழுதியவற்றை வரிசைப்படுத்தித் தந்தாற் போதும் என்பர். இவ்வெண்ணத்தின் விளைவை ஆண்டுதோறும் காண்கிறோம். 'இன்னார் இவ்வாறு கூறினார். பின்னர் இன்னார் இவ்வாறு கூறினார்' என இருபது பக்கம் ஓடும் கட்டுரையைப் படித்து முடித்த பின்பும், அத்துறையில் எது நிறுவப்பட்டது, எது ஊகம், எதனை எவரும் இன்னும் பார்க்கவேயில்லை என்பது நமக்குத் தெரியவராது. மீளாய்வு என்பது கூற்றுகளின் அடுக்கன்று. ஒவ்வொரு கூற்றையும் அது முதன்முதற் பிறந்த இடம்வரை பின்தொடர்ந்து சென்று, அங்கே கண்டவர் யார், எதனைக் கண்டார், எவ்வாறு கண்டார் என்று கேட்பதே மீளாய்வு. இதனை ஊவா மாகாணத்துத் தோட்டங்களின் வரலாற்றை முன்வைத்து விளக்க முயல்கிறேன்.

ஊவாவைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. பதுளை நகரில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றியது. தேயிலைத் தொழினுட்பம் அங்கு ஒரு கற்கைநெறி. அங்கு பயிலும் மாணவர் பயிர்நோய் பற்றி மீளாய்வு எழுதுகின்றனர். பேராதனையில் வரலாறு பயிலும் மாணவர் அதே தோட்டங்களின் மக்களைப் பற்றி எழுதுகின்றனர். இவ்விரு சாராரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதில்லை. ஆனால், இருவரும் தொடங்கவேண்டிய இடம் ஒன்றே. அது மடுல்சீமை.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டமொன்றிலே இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. அவ்விலைகள் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸிடம் சென்றன. அவர் அவற்றை இங்கிலாந்திலிருந்த பங்கசியல் அறிஞர் பேர்க்லிக்கு அனுப்பினார். அது அறிவியல் அதுவரை அறியாத பங்கசு எனக் கண்ட பேர்க்லி, ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டு அவ்வாண்டிலேயே வெளியிட்டார். அப்பெயரின் பிற்பகுதிக்கு 'பாழ்செய்வது' என்று பொருள். பெயர் பொருத்தமாகவே அமைந்தது. சில ஆண்டுகளுக்குள் நோய் இலங்கையின் கோப்பிப் பிரதேசம் முழுவதிலும் பரவியது.

இதனையடுத்த பத்தாண்டுகளில் தோன்றிய எழுத்துகள் மீளாய்வு எழுதுவோருக்கு நல்ல பாடமாகும். மண் வளமிழந்தமையே காரணம் என்றனர் சிலர். பருவநிலை என்றனர் வேறு சிலர். பசளை போதாமையாற் செடி நலிந்தது, நலிந்த செடியில் நோய் பற்றியது என்போரும் இருந்தனர். கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தோரும் உண்டு. இக்கருத்துகளையெல்லாம் வரிசையாக எழுதி, 'அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது' என முடித்திருந்தால் அது நம் மாணவர் கட்டுரையாகவே இருந்திருக்கும்.

1880இல் இலங்கைக்கு வந்து ஏறத்தாழ இரண்டாண்டுகள் இங்குப் பணியாற்றிய ஹரி மார்ஷல் வோட் என்னும் இளம் தாவரவியலாளர் அவ்வாறு செய்யவில்லை. அப்போது அவருக்கு வயது 26. நம் முதுமாணி மாணவர் பலரின் வயது அதுவே என்பதை இங்கு சொல்லிவைக்க விரும்புகிறேன். அவர் முன்னையோர் கூற்றுகளை நேரிற் கண்டவை, உய்த்துணர்ந்தவை என்று பிரித்தார். வித்தி காற்றிற் பரவுகின்றதா என்பதற்குத் தோட்டங்களிலே கண்ணாடித் தகடுகளை வைத்துப் பார்த்தார். ஈரமான இலைமீது வித்தி முளைத்து, அடிப்புறத்து இலைவாய்களினூடாக உட்புகுவதைக் காட்டினார். இதன்மூலம் புதியதொரு செய்தி நிறுவப்பட்டதோடு, பழைய முரண்பாடொன்றும் தீர்ந்தது. பங்கசு இலைக்குள்ளே இருக்குமாயின், மேலே தூவும் தூள் அதனை எவ்வாறு எட்டும்? முன்னையோரின் மருந்துகள் ஏன் பயன் தரவில்லை என்பது ஒரே விளக்கத்தில் அடங்கிவிட்டது. நல்ல மீளாய்வு செய்யும் பணி இதுவே: முரண்படும் கூற்றுகளை நடுநிலையோடு அருகருகே வைத்துவிட்டு ஒதுங்காமல், அவை முரண்படுவது ஏன் என்பதை விளக்குதல். தோட்டத்துரைமார் வோட்டிடம் எதிர்பார்த்தது மருந்து. அவர் கொடுத்தது விளக்கம். அவர்களுக்கு அது மகிழ்ச்சி தரவில்லை.

இனி இக்கதையின் பிற்பகுதியைப் பார்ப்போம். '1869இல் நோய் வந்தது, கோப்பி அழிந்தது, அதனால் தேயிலை வந்தது' என்னும் வாய்பாடு பாடநூல்கள் பலவற்றில் இடம்பெற்றுள்ளது. ஆண்டுகளைச் சற்று அடுக்கிப் பார்த்தாலே அது தளர்ந்துவிடும். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்டது 1867இல். அதாவது நோய் காணப்படுவதற்கு ஈராண்டுகள் முன்பு. நோய் வந்த பின்பும் 1870களிற் கோப்பியின் விலை உயர்ந்தமையால் புதிய காணிகள் திறக்கப்பட்டனவேயன்றிப் பயிர்ச்செய்கை சுருங்கவில்லை. ஏக்கருக்குரிய விளைச்சல் குறைந்தமையை விலையும் பரப்பும் மறைத்தன. இடையிலே சிங்கோனா வந்து, பெருகி, விலை வீழ்ந்து மறைந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய 1890ஆம் ஆண்டுக்கு முன்பு நிகழ்ந்தவை இவை. பங்கசு ஒன்றே இவ்வளவையும் செய்தது என்பது எளிய கதை. எளிமையே அதன் குறை.

இதனினும் வேடிக்கையான கூற்றொன்று பயிர்நோயியல் எழுத்துகளிற் பலமுறை தலைகாட்டுகின்றது. இலங்கைக் கோப்பி அழிந்தமையாலேயே பிரித்தானியர் தேநீர் குடிப்பவராயினர் என்பது அது. பொஸ்ரன் துறைமுகத்திலே தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்டது 1773இல். பிரித்தானியா தேயிலைத் தீர்வையைப் பெரிதும் குறைத்தது 1784இல். சீனத் தேயிலை அந்நாட்டார் பருகும் பொருளாகி நெடுங்காலம் சென்ற பின்னரே மடுல்சீமையில் அப்புள்ளி தோன்றியது. பங்கசைப் பற்றிய பகுதியில் நுணுக்கமாக எழுதும் அறிவியலாளரே, முன்னுரையில் வரும் வரலாற்று வாக்கியத்தை ஆராயாது எடுத்துக்கொள்கின்றனர். அடுத்தவர் அவரை மேற்கோள் காட்டுகின்றார். மேற்கோள்கள் பத்தாகின்றன, சான்று ஒன்றுகூட இல்லை. முன்னுரையின் முதல் வாக்கியத்தையும் சோதிக்கவேண்டும் என்று நான் மாணவரிடம் வற்புறுத்துவது இதனாலேயே.

பிறரைக் குறைகூறிச் செல்வது நேர்மையாகாது. என் இளமைக்கால ஆய்வேடொன்றில், 1840களிலே இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோருள் எழுபதினாயிரம் பேர் மாண்டனர் என எழுதியிருந்தேன். பின்னாளைய நூலொன்றிலிருந்து எடுத்த எண் அது. வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர், 'யார் எண்ணினார்?' என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. பின்பு தேடியபோது, 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை செய்த மதிப்பீடு அது எனத் தெரிந்தது. அப்பத்திரிகையை நடத்திய வைத்தியர் கிறிஸ்தோபர் எலியட் அக்கால அரசாங்கத்தின் கடுமையான விமர்சகர். அதனால் அவ்வெண்ணைப் பொய்யெனத் தள்ளிவிடலாகாது. அரசாங்கத்தின் மௌனத்தைவிடப் பத்திரிகையின் மதிப்பீடு உண்மைக்கு அண்மியதாகவும் இருக்கலாம். ஆனால் மதிப்பீட்டை மதிப்பீடென்றே சொல்லவேண்டும். வழிநெடுக மடிந்தவர்களைப் பற்றி எழுதும்போது எண்ணைப் பற்றிக் கவனமாயிருத்தல் இரக்கமின்மையாகாது. கவனமின்றி எழுதப்பட்ட எண்ணை நாளை ஒருவர் எளிதில் மறுத்துவிடுவார். அதனோடு அச்சாவுகளும் மறுக்கப்பட்டுவிடும்.

எண்களைவிட ஆபத்தானவை அவற்றின் தலைப்புகள். இலங்கையின் முதலாவது முறையான குடித்தொகைக் கணக்கெடுப்பு 1871இல் நிகழ்ந்தது. இந்தியத் தமிழர் என்னும் தனிப்பிரிவு 1911இலேயே வகுக்கப்பட்டது. 1871 முதல் இன்றுவரை ஒரே கோடாக வரைபடம் வரைந்து, பதுளையின் 'தோட்டத் தமிழர் தொகை' என்று பெயரிடும் மாணவர், வெவ்வேறு பொருள்களை ஒரே நூலிற் கோக்கின்றார். பிற்காலத்திலும் இதே சிக்கல் உண்டு. நாடு முழுவதிலும் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் 1971இல் ஏறத்தாழ 11 இலட்சத்து 75 ஆயிரம். 1981இல் ஏறத்தாழ 8 இலட்சத்து 19 ஆயிரம். இவ்வீழ்ச்சியின் பெரும்பகுதி 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரால் நேர்ந்தது. ஆயினும் இலங்கைத் தமிழர் எனத் தம்மைப் பதிந்துகொண்டோரும் உளர். கப்பலேறியவரையும், அதே லயத்தில் இருந்துகொண்டு வேறு பெயரிற் பதிந்தவரையும் அட்டவணை வேறுபடுத்திக் காட்டாது. காட்டவேண்டியவர் கட்டுரையாளரே.

ஒரே ஊற்றிலிருந்து வரும் பல நீரோடைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 1940 மே மாதத்தில் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் தொழிற்சங்க வரலாற்றிற் பெரிதும் பேசப்படுவது. தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிவுசெய்தனர். அதனோடு கலந்து செயற்படத் துரை இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதந் தாங்கிய பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர் என்பது கதை. இவ்விவரங்கள் லெஸ்லி குணவர்தன 1960இல் எழுதிய லங்கா சமசமாஜக் கட்சி வரலாற்றில் உள்ளன. அவர் அக்கட்சியின் தலைவர்களுள் ஒருவர். போராட்டத்தை வழிநடத்திய சங்கமும் அக்கட்சியினுடையது. இதனை எடுத்தாண்ட பிற்கால எழுத்துகள் ஐந்தாயினும் பத்தாயினும் சாட்சி ஒன்றே. கட்சிக்காரர் எழுதியதாற் பொய் என்பதன்று என் கருத்து. அக்காலத்துப் பொலிஸ் அறிக்கைகளோடும், தோட்டத்து முதியோர் நினைவோடும் அதனை ஒப்புநோக்காத வரையில், 'பல ஆய்வாளர் உறுதிப்படுத்தியுள்ளனர்' என எழுத நமக்கு உரிமை இல்லை.

இருப்பவற்றைச் சோதிப்பதோடு மீளாய்வாளர் வேலை முடிவதில்லை. இல்லாதவற்றையும் குறிக்கவேண்டும். பேர்குசனின் இலங்கை டிரெக்டரியைத் திறந்தால் ஊவாத் தோட்டங்களின் பெயர், பரப்பு, உரிமையாளர், துரை ஆகிய விவரங்கள் கிடைக்கும். அந்நிலத்திற் கொழுந்து பறித்தவர் பெயர் ஒன்றும் கிடையாது. அது தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது. பெரட்டுக் களத்தில் வாசிக்கப்பட்டது. ஆண்டு முடிந்ததும் எங்கோ மூலையிற் கிடந்தது. மடுல்சீமையிலே அந்தப் புள்ளியை முதலிற் கண்டவர் துரை என்றே ஏடுகள் கூறும். நாள்தோறும் அவ்விலைகளுக்கிடையே நின்ற மனிதருக்குக் கண் இல்லையா? இது சான்றற்ற வினாதான். ஆயினும் கேட்கப்படவேண்டிய வினா.

பதிவேட்டிற் பெயர் இருப்பதும் இல்லாமற்போவதும் ஊவா மக்களுக்கு நூலகப் பிரச்சினையாக மட்டும் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினோருக்கு, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்பு, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையைக் காட்டவேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. எஞ்சியோரின் நிலையை முற்றாகத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. 'சான்று இல்லை' என்பதற்கும் 'நிகழவில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அதிகாரிகள் அன்று பொருட்படுத்தவில்லை. அம்மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகிய நம் மாணவர் தம் கட்டுரைகளில் அவ்வேறுபாட்டைக் காக்கவேண்டாமா?

ஊவாவிலிருந்தே நன்முறையான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1934இல் பதுளைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்து, தாம் ஆசிரியப் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர் தெளிவத்தை ஜோசப். அவரது 'மலையகச் சிறுகதை வரலாறு' 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு முன்பு, 1997இல், மலையகச் சிறுகதைகளை அவர் தொகுத்து வெளியிட்டிருந்தார் என்பதை நோக்குக. பழைய பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டி, வாசித்து, பிறரும் வாசிக்கத் தந்துவிட்டே அவர் வரலாறு எழுதினார். அவரது தீர்ப்புகளோடு மாறுபடுவோர் உளர். மாறுபடுவதற்கு வேண்டிய கதைகளையும் அவரே திரட்டித் தந்திருக்கிறார்.

மாணவர் அடிக்கடி கேட்பது, எத்தனை நூல்களைப் படித்தபின் எழுதத் தொடங்கலாம் என்பது. எண்ணிக்கை சொல்ல எனக்குத் தெரியாது. நான் செய்யச் சொல்வது வேறு. ஒரு கூற்றுக்கு ஓர் அட்டை என வைத்துக்கொள்ளுங்கள். கூற்றைச் சுருக்கி எழுதுங்கள். அதன்கீழ், நீங்கள் கண்ணாற் கண்ட பக்கம் எது, அப்பக்கம் சுட்டும் முந்திய பக்கம் எது என இரண்டு வரி. முந்திய பக்கத்தை நீங்களே பார்த்துவிட்டால் இரண்டாவது வரியை அடித்துவிட்டு, அது சுட்டும் அதற்கு முந்திய பக்கத்தை எழுதுங்கள். அட்டைகளில் இரண்டாவது வரி அடிக்கப்படாதவை மிகுந்திருக்குமாயின் கட்டுரை இன்னும் எழுதப்படும் நிலையை அடையவில்லை. பொருளையும் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். 'ஊவாவின் தேயிலை' என்பது ஆயுட்காலத்துக்குரியது. தேயிலைக் கொப்புள நோய் 1946இல் இலங்கையிற் காணப்பட்டது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் 'ரீ குவாட்டர்லி' 1928 முதல் வெளிவந்தது. அதற்குப்பின் வந்த ஐந்தாண்டு இதழ்களில் அந்நோய்பற்றி எழுதப்பட்டவற்றை எடுத்து, மருந்து தெளித்தோர் யார் என்பது அவற்றில் எத்தனை இடங்களிற் சொல்லப்பட்டுள்ளது என்று பார்க்க ஒரு தவணை போதும். அந்த எண்ணிக்கையை முடித்த மாணவர் யாராயினும், எண் பூச்சியமாகவே இருந்தாலும், அட்டைகளோடு என்னை வந்து காணலாம்.